வேலை விளம்பரமும் நமது சங்கங்களும்

வேலை என்பது, அதைத் தேடுவோனிடம் முதலில் ஒரு செய்தியாகவே வந்து சேருகின்றது. அச்செய்தி யாருக்கு முன்னே எட்டுகின்றது, யாருக்குப் பின்னே எட்டுகின்றது, யாருக்கு எட்டாமலே போய்விடுகின்றது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் ஏற்றமும் தாழ்வும் பெரிதும் அமைகின்றன. பட்டு விலை, ஜரிகை விலை, பயிர்க் கடன், நெல் கொள்முதல் ஆகியவை பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம், எழுதுகின்றோம். வேலைச் செய்தியைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் பேசக் கேட்பது அரிது. ஆனால் உத்திரமேரூர் வட்டாரத்தில், தறியும் ஏரும் உள்ள வீடுகளிற் பெரும்பாலானவற்றில், தொழிற்சாலை வேலையையோ வெளியூர் வேலையையோ எதிர்பார்த்திருக்கும் பிள்ளை ஒருவராவது இருக்கின்றார். ஆகவே இஃது அங்கத்தினர் யாவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயமாகும்.

பறையறிவிப்பிலிருந்து கைப்பேசி வரை

ஒரு தலைமுறைக்கு முன் வேலைச் செய்தி மூன்று வழிகளில் வந்தது. உறவினர் சொல்லி வந்தது, செய்தித்தாளில் வந்தது, வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கடிதமாக வந்தது. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம் 1959-இல் நிறைவேறி, 1960 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. அரசுத் துறை ஸ்தாபனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் ஸ்தாபனங்களும் அதற்கு உட்பட்டன. அறிவிக்கும் கடமையை மட்டுமே அச்சட்டம் விதித்தது. அலுவலகம் அனுப்பியவரையே அமர்த்த வேண்டும் என்று விதிக்கவில்லை. பின்னர் 1996-இல் உச்ச நீதிமன்றம், அலுவலகத்துக்கு அறிவிப்பது மட்டும் போதாது, செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி வாயிலாகவும் பொதுவில் அறிவிக்க வேண்டும் என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. தகுதியுடைய ஒருவன் செய்தி அறியாத காரணத்தாலேயே வாய்ப்பை இழப்பது நியாயமன்று என்பதே அத்தீர்ப்பின் உட்கருத்து.

இன்று அந்த மூன்று வழிகளையும் இணையம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் 1994-இல் மான்ஸ்டர் என்னும் வேலைத்தளம் தோன்றிற்று. நம் நாட்டில் 1997-இல் நௌக்ரி தளம் தொடங்கிற்று. மத்திய அரசு 2015-இல் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தையும், தமிழக அரசு 2020-இல் தனியார் துறை வேலைகளுக்கென ஒரு தளத்தையும் திறந்தன. இவ்விரு அரசுத் தளங்களிலும் வேலை தேடுவோர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. கூட்டுறவு நிறுவனங்களின் உதவியாளர் பணிகளுக்கே இப்பொழுது மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்களின் இணையத்தளம் வழியாகத்தான் விண்ணப்பம் பெறப்படுகின்றது. தாசில்தார் அலுவலகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இனி எதுவும் தெரியவராது.

உலக நாடுகளின் ஏற்ற இறக்கம்

இணையத்தில் வெளியாகும் வேலை விளம்பரங்களை நாள்தோறும் எண்ணிப் பார்க்க முடிகின்றது. ஆகவே பொருளாதார அறிஞர்கள் அதனை ஒரு நாடியாகக் கொண்டு நாடுகளின் நிலையைக் கணிக்கின்றனர். இண்டீட் என்னும் வேலைத்தளம், 2020 பிப்ரவரி முதல் தேதியன்று இருந்த விளம்பர அளவை 100 என்று வைத்துக்கொண்டு, பல நாடுகளின் ஏற்ற இறக்கத்தை வெளியிட்டு வருகின்றது. கொரோனா நோய் பரவிய 2020-இன் முற்பகுதியில் எங்கும் விளம்பரங்கள் சரிந்தன. பின்னர் அமெரிக்காவில் அவை பழைய அளவைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேலாக உயர்ந்தன. 2022 மார்ச்சில் அந்நாட்டு அரசின் கணக்குப்படி நிரப்பப்படாத இடங்கள் ஏறத்தாழ 1 கோடி 20 லட்சம். 2024-இன் இறுதியில் அது 80 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. பிரிட்டனில் 2022-இல் 13 லட்சமாக இருந்த காலியிடங்கள், 2025-இல் நோய்க்காலத்துக்கு முந்திய அளவுக்கும் கீழே சென்றன. ஜெர்மனியில் 2022-இன் இறுதியில் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்து, பின் குறைந்துகொண்டே வந்தன.

இந்தியாவிலோ இணைய விளம்பரங்கள் நோய்க்கு முந்திய அளவைவிட வெகுவாக உயர்ந்தே நின்றன. இதைக் கேட்டு உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். முன்னர் வாய்மொழியாகவும் மேஸ்திரி மூலமாகவும் ஆள் பிடிக்கப்பட்ட வேலைகள் இப்பொழுது இணையத்தில் அறிவிக்கப்படுகின்றன. வேலை புதிதாகப் பிறவாமலே விளம்பரம் புதிதாகப் பிறக்கலாம். அன்றியும், ஒரே இடத்தை நான்கு ஒப்பந்தக்காரர்கள் நான்கு தளங்களில் அறிவித்தால் கணக்கில் அது நான்காகத் தோன்றும். ஆள் எடுக்கும் நோக்கமே இன்றிப் பெயர்ப்பட்டியல் சேர்ப்பதற்காக வைக்கப்படும் அறிவிப்புகளும் உண்டு. விளம்பரம் பெருகிவிட்டது என்பதை வேலை பெருகிவிட்டது என்று கொள்வது, சந்தையில் கூட்டம் பெருகியதைக் கண்டு சேலை விற்றுவிட்டது என்று கணக்கெழுதுவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவின் ஏற்ற இறக்கம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் உருவாகும் கார்களும் கைப்பேசிகளும் பெருமளவில் அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. அங்கே வாங்குவோர் கை சுருங்கினால் இங்கே சாலவாக்கத்திலும் மானாம்பதியிலும் ஆலைப் பேருந்தில் ஏறுவோர் தொகை சுருங்கும். 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கும் வாணிப மாறுதலும் சேர்ந்து நெருக்க, 2014 நவம்பர் முதல் தேதியன்று மூடப்பட்டதையும், பல்லாயிரம் இளைஞரும் பெண்களும் வேலை இழந்ததையும் இம்மாவட்டம் மறக்கவில்லை. ஆகவே உலகச் செய்தியை நாம் அறிந்திருக்க வேண்டுவது ஊர்க் காரியத்துக்காகவே.

விளம்பரத்தில் உள்ளதும் இல்லாததும்

விளம்பரத்தின் எண்ணிக்கையைக் காட்டிலும் அதன் வாசகமே முக்கியமானது. இதற்கு நமது மாவட்டத்திலேயே உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் கருவிகளைக் கோக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில், மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கின்றனர் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விரிவானதொரு செய்தி வெளியிட்டது. நிறுவனம் அக்குற்றச்சாட்டை வன்மையாக மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம், வேலைக்கு எடுப்பதில் ஆண் பெண் வேற்றுமை பாராட்டலாகாது என்னும் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தை எடுத்துக்காட்டி, தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆலைக்குச் சென்று விசாரித்தபொழுது நிறுவனம் தந்த கணக்கின்படி, அங்கு வேலை செய்த சுமார் 33 ஆயிரம் பெண்களுள் மணமானவர் 2,750 பேர். அதாவது நூற்றுக்கு எட்டுப் பேர். அதே ஆண்டு நவம்பரில் மற்றொரு செய்தி வந்தது. ஆள் சேர்த்துத் தரும் ஒப்பந்தக்காரர்கள் இனித் தம் விளம்பரங்களில் வயது, பால், மணநிலை ஆகிய நிபந்தனைகளைக் குறிப்பிடலாகாது. ஆலையின் பெயரையும் குறிப்பிடலாகாது என்று கட்டளையிடப்பட்டதாம்.

நிபந்தனையை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டது நன்மையே எனச் சிலர் கூறுவர். நிபந்தனை வாயிற்படியிலும் எடுக்கப்பட்டிருந்தால் அது நன்மைதான். தாளில் மட்டும் அழிக்கப்பட்டு, நேர்காணலில் அதே கேள்வி நிற்குமாயின், நம் பெண்கள் கூலிநாளை விட்டு, பேருந்துக்குக் காசு கொடுத்துப் போய், காரணம் அறியாமல் திரும்புவர். எழுதி வைத்த அநியாயத்தைச் சட்டத்தின் முன் காட்டலாம். எழுதாத அநியாயத்தை எங்ஙனம் காட்டுவது? ஆலையின் பெயரும் இல்லையென்றால், யாரிடம் சென்று கேட்பது?

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான பெரும் விடுதி திறக்கப்பட்டது. நமது பெண்களின் உழைப்பை நம்பி எத்துணைப் பெரிய தொழில் நடக்கின்றது என்பதற்கு அதுவே சான்று. அத்துணைத் தேவையுள்ள உழைப்பை விலை பேசும்பொழுது, நிபந்தனையை முழுவதும் தெரிந்துகொண்டு பேசும் உரிமை நமக்கு உண்டு.

உத்திரமேரூரின் கல்லெழுத்து

பதவிக்கு ஆள் தேர்வது பற்றிய நிபந்தனைகளைப் பொதுவில் எழுதி வைப்பதில் நமது ஊருக்கு ஈடான ஊர் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை அறியாதார் இங்கு இலர். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிடுதல், கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குட்பட்ட வயது, கணக்குக் காட்டாதவனுக்கும் அவனுடைய உறவினருக்கும் இடமில்லை என்னும் விதி, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பணிகளின் பிரிவு. அனைத்தும் முன்கூட்டியே சுவரில் இருந்தன.

அந்த விதிகள் எல்லோருக்கும் நியாயம் செய்தன என்று நான் கூறவில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணச் சபையினருக்கே அப்பதவிகள் உரியவை. உழுவோருக்கும் நெய்வோருக்கும் பெண்டிருக்கும் அவற்றில் இடமில்லை. ஆனால் இடமில்லை என்பதும் அந்தக் கல்லிலேயே தெரிகின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் நாம் அதைப் படித்து, இது சரி, இது சரியன்று எனப் பேச முடிகின்றது. கைப்பேசியில் காலையில் தோன்றி மாலையில் மறையும் விளம்பரத்தைப் பற்றி அப்படிப் பேச முடியாது. ஆகவே அதைப் பிடித்து நிறுத்தி, ஊரார் பார்க்கும்படி ஒரு சுவரில் வைக்க வேண்டியது நமது வேலையாகின்றது.

பொய் விளம்பரமும் நகைக்கடனும்

நிற்க, இதனினும் கொடியது ஒன்று உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களை நம்பிச் சென்ற நம் நாட்டு இளைஞர் பலர், மியான்மருக்குக் கடத்தப்பட்டு, அங்கே காவலில் வைக்கப்பட்டு, பிறரை இணையத்தில் ஏமாற்றும் தொழிலில் பலவந்தமாக ஈடுபடுத்தப்பட்டனர். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் இது குறித்து எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழர் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். 2025 மார்ச்சில் 500-க்கு மேற்பட்ட இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் அழைத்து வரப்பட்டனர். ஏமாந்தவர்களுள் படித்தவர்களும் பலர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். எழுத்தறிவு மட்டும் காக்காது, விசாரித்தறிவதே காக்கும்.

கடன் சங்கங்களை ஆய்வு செய்யும்பொழுது நகைக்கடன் மனுக்களில் 'குடும்பச் செலவு' என்றே காரணம் எழுதப்பட்டிருக்கும். சற்று அன்புடன் விசாரித்தால், சில வேளைகளில் அது மகனுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன தரகருக்குக் கொடுக்கும் முன்பணம் என்று தெரிய வருகின்றது. தாயின் தாலிக்கொடி சங்கப் பெட்டியில் இருக்கின்றது. தரகரின் கைப்பேசி எண் அணைந்து கிடக்கின்றது. கடன் மட்டும் வட்டியுடன் நிற்கின்றது. இது தனி ஒருவரின் துயரம் மட்டுமன்று. சங்கத்தின் தவணை தவறிய கடனும் ஆகும்.

அயல்நாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பெறத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் இயங்கி வருகின்றது. பணத்தை இணைய வழியில் இழந்தவர் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை நிறுத்தி வைப்பது கடினமாகிவிடும். இச்செய்திகளெல்லாம் பொதுவில் உள்ளவையே. ஆனால் அவை, தேவைப்படும் வீட்டுக்குத் தேவைப்படும் நாளில் போய்ச் சேருவதில்லை.

சங்கம் செய்யக் கூடியது

1904-இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது ஏன்? பணம் ஒருவனிடமே இருந்தபடியால் அவன் சொன்னதே வட்டி என்றிருந்த நிலையை மாற்றுவதற்காக. இன்று வேலைச் செய்தி ஒருவனிடமே இருந்தால் அவன் சொன்னதே தரகு ஆகின்றது. நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே. 1995-இல் உலகக் கூட்டுறவு அமைப்பு வகுத்த ஏழு கொள்கைகளில் ஐந்தாவது, கல்வி, பயிற்சி, தகவல் என்பதாகும். முதலிரண்டையும் நாம் ஓரளவு செய்கின்றோம். மூன்றாவதைச் செய்ய இதுவே தருணம்.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. 2023-இல் மத்திய கூட்டுறவு அமைச்சகம் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் பொதுச் சேவை மையங்களாகவும் இயங்கலாம். பல சங்கங்களில் கணினியும் இணைப்பும் ஏற்கெனவே உண்டு. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரு பணியாளரும் ஊரில் படித்த இரண்டு இளைஞரும் உட்கார்ந்து, அரசுத் தளங்களிலும் மற்றவற்றிலும் வந்த விளம்பரங்களுள் நம் வட்டாரத்துக்கு உரியவற்றைப் பொறுக்கி எடுத்து, அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டலாம். ஒட்டுவதற்கு முன் ஐந்து கேள்விகளுக்கு விடை கேட்க வேண்டும்.

முதலாவது, வேலை கொடுப்பவர் யார், ஆலையா, ஒப்பந்தக்காரரா? இரண்டாவது, உணவு, பேருந்து, விடுதி, வைப்பு நிதி ஆகியவற்றுக்குப் பிடித்தம் போகக் கையில் வருவது எவ்வளவு? மூன்றாவது, வேலை எத்தனை மாதத்துக்கு. இரவு முறை உண்டா? நான்காவது, வயது, மணநிலை முதலிய நிபந்தனைகள் எவையேனும் உண்டா? ஐந்தாவது, பணம் கேட்கின்றனரா? ஐந்தாவது கேள்விக்கு 'ஆம்' என்பது விடையானால், அயல்நாட்டுக்கு அனுப்பும் பதிவு பெற்ற முகவரின் சட்டப்படியான கட்டணம் நீங்கலாக, அவ்விளம்பரத்தைப் பலகையில் ஏற்றலாகாது. விடை கிடைக்காத கேள்விக்கு எதிரே 'விடை இல்லை' என்று எழுதிவிடுவதே போதுமானது, படிப்பவர் புரிந்துகொள்வர். சங்கம் எவருக்கும் வேலை வாங்கித் தருவதாக வாக்களிக்க வேண்டாம். அவ்வாறு வாக்களிக்கவும் கூடாது. விசாரித்த அளவைச் சொன்னால் போதும்.

இரண்டு ஆட்சேபணைகள்

செயலாளர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது முதல் ஆட்சேபணை. அது உண்மையே. ஆனால் தவணை தவறிய நகைக்கடன் ஒன்றைப் பின்தொடர ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் வாரம் இரண்டு மணி நேரம் மிகையாகாது.

இரண்டாவது ஆட்சேபணை சற்று ஆழமானது. ஆலை வேலையைச் சங்கமே பலகையில் ஒட்டினால் தறியில் உட்காருவதற்கும் நாற்று நடுவதற்கும் ஆள் இராதே என்று மூத்த நெசவாளர்களும் விவசாயிகளும் அஞ்சுகின்றனர். அவர்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி 2009–10-இல் ஏறத்தாழ 43 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் தொகை 2019–20-இல் 35 லட்சமாகக் குறைந்துவிட்டது. ஆனால் செய்தியை மறைத்து யாரையும் தறியில் நிறுத்தி வைக்க முடியாது. கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றது. மறைத்தால், மெய்யான விளம்பரம் பின்னேயும் பொய்யான விளம்பரம் முன்னேயும் போய்ச் சேரும், அவ்வளவே.

இதற்கு நான் ஒரு வழி கூறுவேன். அதே பலகையில், அதே ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதி, நமது தறி வேலையையும் சங்கம் விளம்பரம் செய்யட்டும். இன்ன ரகச் சேலைக்கு இத்தனை நாள், கூலி இவ்வளவு, பட்டும் ஜரிகையும் சங்கம் தரும், காப்புறுதியும் சேமநிதியும் இவை, வேலையில்லா நாட்கள் ஆண்டில் இத்தனை. நமது சங்கங்கள் இவ்வாறு தம் வேலையை முழுமையாக எழுதி வைத்ததை நான் எங்கும் கண்டதில்லை. எழுதிப் பார்த்தால் சில இடங்களில் தறி வேலை, வாடகையும் உணவும் கழித்த ஆலை வேலைக்கு இளைத்ததன்று எனத் தெரிய வரலாம். வேறு சில இடங்களில் நாம் கொடுக்கும் கூலி வெட்கப்படத்தக்கது என்று தெரிய வரலாம். அப்பொழுது கூலியை உயர்த்தும் வழியை நிர்வாகக் குழு தேடியே ஆக வேண்டும். அயலாருடைய விளம்பரத்திலே உண்மையைக் கேட்கும் நாம், நம்முடையதிலும் அதை வைக்கக் கடமைப்பட்டவர்கள்.

அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்துக்கு முன், இவ்வேலைப் பலகையை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன். முதலில் ஒரு சங்கத்தில், ஆறு மாதத்துக்குச் செய்து பார்க்கலாம். எத்தனை விளம்பரங்கள் ஒட்டப்பட்டன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, எத்தனை பேர் வேலைக்குச் சென்றனர், எத்தனை பேர் திரும்பி வந்தனர், ஏன் திரும்பினர் என்று ஒரு பேரேட்டில் எழுதி வைத்தால், மற்றச் சங்கங்கள் தொடருவதா விடுவதா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்யலாம்.